குறிப்புகளும் அவற்றின் தொடர்பும்

நூல் பல கற்றும், கட்டுரை எழுதப் புகுங்கால் கைப்பொருள் இன்றித் திகைக்கும் ஆராய்ச்சி மாணவர் பலர். அவர்தம் குறை படிப்பின் குறையன்று. படித்தவற்றைக் குறித்து வைத்த முறையின் குறையாகும். குறிப்பு எடுத்தல் வேறு. எடுத்த குறிப்பு வேண்டும்போது வந்து உதவுமாறு வைத்தல் வேறு. பின்னதற்குரிய எளிய முறையொன்றை ஈண்டு விளக்குவாம்.

தலைப்பின் குறை

பொருளுக்கு ஓர் ஏடு வைத்து, அதனதன் தலைப்பின்கீழ்க் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போதல் பெரும்பாலார் வழக்கம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தேன். அதனால் நேர்ந்த இழப்பு ஒன்றைக் கூறுதல் பயன்தரும்.

அகநானூற்று 149ஆம் பாட்டில், யவனரின் கலங்கள் சேரநாட்டுப் பேரியாற்றில் வந்து பொன்னைத் தந்து மிளகைக் கொண்டு செல்லும் முசிறியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டுகிறார். அதனை ‘யவனர்’ என்னும் ஏட்டில் எழுதி வைத்தேன். புறநானூற்று 343ஆம் பாட்டிலும் முசிறி வருகிறது. கலங்கள் கொணர்ந்த பொன், கழியில் இயங்கும் தோணிகளால் கரை சேர்வதையும், மனைகளில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடப்பதையும் பரணர் பாடுகிறார். அப்பாட்டின் துறை மகட்பாற்காஞ்சி. யவனர் என்ற சொல்லோ அதில் இல்லை. ஆகவே, அக்குறிப்பு ‘மகட்பாற்காஞ்சி’ என்னும் ஏட்டிற்குச் சென்றது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நெடுங்காலம் கிடந்தன.

இரண்டையும் ஒருநாள் தற்செயலாக அடுத்தடுத்துப் படித்தபோதுதான் ஒரு வினா எழுந்தது. கடற்கலங்கள் ஆற்றினுள்ளே புகுந்தனவா? அன்றி, வெளியே நின்று தோணிகளில் சரக்கை இறக்கினவா? கலத்தின் அளவிற்கேற்ப இரண்டுமே நிகழ்ந்தனவா? முசிறித் துறையின் இயல்பை ஆராய்வார்க்கு இஃது இன்றியமையாத வினா. இரு குறிப்புகளுள் ஒன்றேனும் தனித்து நின்று இதனை எழுப்பவில்லை. அவற்றின் தொடர்பே எழுப்பியது.

சீட்டும் எண்ணும்

இக்குறையை நீக்கும் வழியை விரிவாகக் கையாண்டவர் செருமானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாசு லூமன் (1927–1998). 1950களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை அவர் எழுதிப் பெட்டிகளில் அடுக்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களையும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளையும் அவர் எழுதுவதற்கு அச்சீட்டுகள் துணைநின்றன. தம் சீட்டுப்பெட்டியை உரையாடும் துணைவனாகவே கருதி 1981இல் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். அச்சீட்டுகள் இன்று பீலபெல்ட்டுப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

அவர் முறை மிக எளிது. சீட்டுகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து அடைக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டார். 57ஆம் சீட்டின் கருத்து மேலும் தொடர்ந்தால் அடுத்தது 58. பின்னொருநாள் 57இன் கருத்துக்கே ஒரு விளக்கம் தோன்றினால் அது 57அ எனப் பெற்று இடையில் அமையும். அதன் கிளை 57அ1 ஆகும். இவ்வாறு எவ்விடத்தும் புதியது புகலாம். பழைய எண்ணோ மாறுவதில்லை. எண் மாறாமையால், தொலைவிலுள்ள மற்றொரு சீட்டில் அதனைக் குறிப்பிடுதல் இயல்கிறது. இவற்றோடு, எந்தச் சொல்லைப் பற்றி எந்த எண்ணிலிருந்து தேடத் தொடங்கலாம் என்று காட்டும் சிறிய அடைவு ஒன்றும் வைத்திருந்தார்.

கைக்கொள்ளும் நெறி

மாணவர் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தால் போதும். முதலாவது, ஒரு சீட்டில் ஒரு கருத்தே எழுதுக. நூற்பெயர், பாட்டெண் அல்லது பக்க எண் தவறாது குறிக்க. இரண்டாவது, கருத்தைத் தம் சொல்லால் எழுதுக. தம் சொல்லால் எழுத வாராதது இன்னும் விளங்காதது என்று உணர்க. மூன்றாவது, பெட்டியில் இடுமுன், ‘இஃது எந்தப் பழைய சீட்டோடு உறவுடையது?’ என வினவி, அதன் எண்ணையும் உறவின் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுக. பழைய சீட்டிலும் புதியதன் எண்ணைப் பொறிக்க.

மூன்றனுள் இறுதியதே உயிர்போல்வது. புறநானூற்றுச் சீட்டில் ‘அகம் 149-ஐக் காண்க’ என்று மட்டும் எழுதினால் பயன் சிறிது. ‘அங்கே கலம் ஆற்றில் வருகிறது, இங்கே பொன் தோணியில் வருகிறது, ஏன்?’ என்று எழுதினால் அதுவே ஆராய்ச்சியின் வித்தாகும்.

இந்நெறி நமக்கு முற்றும் புதியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் ஒப்புமைப்பகுதி சேர்த்திருத்தலை அறிஞர் அறிவர். ஓரிடத்தைப் பிறிதோரிடத்தோடு வைத்து நோக்கும் அப்பழக்கத்தைத் தம் குறிப்புகளுக்கும் உரியதாக்குதலே ஈண்டு வேண்டப்படுவது.

ஓர் எச்சரிக்கை

சொல் ஒன்றாயின் பொருளும் ஒன்றென்று கொள்ளலாகாது. ‘கறி’ என்பது மிளகையும் குறிக்கும்; கடித்தலையும் குறிக்கும். அச்சொல் வரும் இடங்களையெல்லாம் கணினி நொடியில் திரட்டித் தரும். ஆயின், எவ்விடம் எதனோடு ஏன் சேரும் என்பதைப் படிப்பவனே துணிதல் வேண்டும். மேலும், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்தால் இணைப்பே பொருளற்றதாகும். காரணம் எழுத இயலாத இணைப்பை விடுத்தலே நன்று.

எடுத்த குறிப்புகளின் தொகையால் ஆராய்ச்சி சிறவாது. பழைய ஏடுகளை மீண்டும் பிரித்துச் சீட்டுகளாக்கும் பணி எனக்கு இன்னும் முடியவில்லை. தொடக்கத்திலேயே இம்முறையை மேற்கொள்ளும் மாணவர்க்கு அவ்வுழைப்பு மிச்சமாகும். எழுத அமரும்போது வெறுந்தாளின் முன் அல்லாமல், தாம் எழுப்பிய வினாக்களின் முன் அவர் அமர்வர்.