வீட்டுக்குள்ளே ஒரு சைக்கிள்! (ஓடாது, ஆனால் ஓட்டலாம்)



போன இதழில் தூதுவளை, கீழாநெல்லி பற்றி எல்லாம் எழுதியிருந்தார்கள். நான் இந்த முறை ஓர் இரும்புச் சாமானைப் பற்றி எழுதப் போகிறேன். அதன் பெயர் எக்சர்சைஸ் சைக்கிள். அதற்கு பெல் கிடையாது, கேரியர் கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். "அதெல்லாம் பணக்காரங்க வீட்டுச் சாமான்" என்றுதான் நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது ஒன்று இருக்கிறது. எங்க வீடு பணக்கார வீடு இல்லை என்பது இந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும்!

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை. நம்ம நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அந்தப் பத்துக் கோடியில் எங்க அம்மாவும் ஒருத்தர். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

நடக்க வேண்டியதுதானே, மெஷின் எதுக்கு என்று கேட்பீர்கள். எங்கே நடப்பது? அம்மா வேலை முடிந்து வரவே ராத்திரி ஏழு ஆகிவிடும். மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். (எங்க அப்பா ஓட்டுவதும் டிரெய்லர்தான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் டிரெய்லரைத் திட்ட முடியாது.) கடல் பக்கம் போனால் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறது. உள் தெருவில் நாய். இது போதாது என்று 2023 டிசம்பர் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கு அடியில் போகிற குழாயில் அமோனியா கசிந்ததே, அதற்கு அப்புறம் காற்றில் கொஞ்சம் வாடை வந்தாலும் அம்மா வாசலைத் தாண்ட மாட்டாங்க. வீட்டுக்குள்ளும் அதே காற்றுதான், எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ஜன்னலைச் சாத்தலாம், பக்கத்தில் நாங்கள் இருப்போம்.

சரி, காலை ஆட்டினால் சர்க்கரை எப்படிக் குறையும்? நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அது செல்லுக்குள் போக இன்சுலின் என்ற சாவி வேண்டும். சர்க்கரை நோயில் அந்தச் சாவி குறைவாக இருக்கும், இல்லாவிட்டால் பூட்டு சரியாகத் திறக்காது. ஆனால் தசை வேலை செய்யும்போது வேறொரு வாசல் திறக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நம் உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும்தான் இருக்கின்றன. சைக்கிள் மிதிக்கும்போது வேலை செய்வதும் அவைதான். அதனால்தான் சாப்பிட்ட பிறகு சும்மா பத்து நிமிஷம் மிதித்தாலும் பிரயோஜனம்.

முதலில் நாங்கள் காசு இல்லாத வழியைத்தான் பார்த்தோம். அக்காவுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருக்கிறது. அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் பின் சக்கரம் தரையில் படாது. அம்மா அதில் ஏறி மிதிச்சாங்க. சக்கரம் விர்ரென்று சுற்றியது, அம்மாவுக்கு வியர்வையே வரலை! காரணம் சுலபம். ரோட்டில் போகும்போது எதிர்க்காற்று, மேடு, டயர் உராய்வு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறோம். ஸ்டாண்டில் எதிர்ப்பு விசையே இல்லை. பழகிக்கொள்ள இது பரவாயில்லை. ஆனால் ஸ்டாண்டு ஆடும், சின்னப் பிள்ளைகள் கம்பிக்குள் விரலை விடும். ரெண்டு நாளோடு நிறுத்தியாச்சு.

எக்சர்சைஸ் சைக்கிளில் காசு கொடுப்பது அந்த எதிர்ப்பு விசைக்குத்தான். அது மூன்று விதத்தில் வரும். முதலாவது உராய்வு: ஒரு பட்டையோ கம்பளித் துண்டோ சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். விலை குறைவு, ஆனால் நாளாக ஆகத் தேயும், கீச் கீச் என்று சத்தம் போடும். இரண்டாவது காற்று: முன்னால் பெரிய விசிறி மாதிரி சக்கரம் இருக்கும், வேகமாக மிதித்தால் காற்றும் அதிகமாக எதிர்க்கும். கைப்பிடியும் முன்னும் பின்னும் ஆடும். மூன்றாவது காந்தம்: உலோகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் சக்கரத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே சக்கரத்தைத் தடுக்கும். ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை, சத்தமும் இல்லை. நம்ம வீடுகள் ஒட்டு வீடுகள், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்கும். அதனால் சத்தம் முக்கியமான விஷயம். இவை எதற்கும் மிதிப்பதற்குக் கரண்ட் வேண்டாம். டிரெட்மில்லுக்கு வேண்டும்.

இது புது நாகரிகம் என்று நினைக்காதீர்கள். 1796இலேயே லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் கையாலும் காலாலும் ஒரே இடத்தில் இருந்து இயக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சைக்கிள் பிறப்பதற்கு முன்னாடியே ஓடாத சைக்கிள் பிறந்துவிட்டது! இப்போது சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒன்று இருக்கிறது. அங்கே எடையே தெரியாததால் உட்கார சீட் தேவைப்படுவதில்லை.

விலை. புதுசு என்றால் மடக்கி வைக்கிற காந்த மாடலோ கையாட்டும் காற்று மாடலோ சுமார் ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஆகும். தரையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கும் சின்னப் பெடல் ரெண்டாயிரம் அளவில் கிடைக்கும். அது வயசானவர்களுக்கு நல்லது, அம்மாவுக்குப் போதாது. விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருப்பது பெரியமேடு சைடனாம்ஸ் ரோட்டில். நாங்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, வாங்கினது ராயபுரத்தில் ஒரு வீட்டில், பழசு, ரூ.3,200. சீட்டுப் பணம். மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் என்னை அதன் மேலேயே உட்காரச் சொல்லி வண்டிக்கார அண்ணன் ஒரே கிண்டல்.

கடையில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடைக்காரர் திரையைத்தான் காட்டினார். நேரம், வேகம், தூரம், கலோரி, நாடித்துடிப்பு! அம்மாவை ஏறி உட்காரச் சொல்லவே இல்லை. அம்மாவும் புடவையில், அத்தனை ஆம்பிளைங்க முன்னாடி எப்படி ஏறுவது என்று கூச்சப்பட்டு நின்னாங்க. ஏறாமல் வாங்கவே கூடாது. அடுத்த தடவை அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு போய் நாலு சைக்கிளில் ஏறிப் பார்த்தாங்க. இரண்டில் சீட்டை அடியோடு இறக்கினாலும் கால் எட்டவில்லை! அந்த அளவெல்லாம் உயரமானவர்களுக்குச் செய்தது. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அதனால் சீட்டுக் கம்பியில் மேலே எத்தனை ஓட்டை என்று பார்க்காமல், கடைசிக் கீழ் ஓட்டையில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். நம்ம அம்மாக்கள் பாதிப் பேருக்கு அந்த ஓட்டைதான் தேவைப்படும்.

திரை பற்றி என் அபிப்பிராயம்: அதற்காக ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்க வேண்டாம். உள்ளே ஒரு சின்னக் காந்தமும் சென்சாரும் இருக்கின்றன. சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணுவதுதான் அதன் வேலை. வேகம், தூரம், கலோரி எல்லாம் பெருக்கல் கணக்கு. மிதிப்பது எங்க அம்மாவா, அப்பாவா, எத்தனை கிலோ என்றே கேட்காத மெஷின் எப்படிக் கலோரியைச் சரியாகச் சொல்லும்? நேரம் மட்டும் பார்த்தால் போதும். அதற்குச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது.

பழசு வாங்கினால் இதெல்லாம் பாருங்க. பெடல் பிடித்திருக்கும் கம்பியைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும், லொட லொட என்றால் வேண்டாம். திருகைத் திருப்பினால் மிதிப்பது கனமாக வேண்டும், திரும்ப லேசாக வேண்டும். பற்றவைத்த இடங்களில் துரு இருக்கிறதா, எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், வீட்டில் முன்கூட்டியே அளந்துவிட்டுப் போங்க. நான் தரையில் பழைய தினத்தாளை விரித்து, "இதுதான் சைக்கிள்" என்று ரெண்டு நாள் விட்டுவைத்தேன். ஆயா பாய் போட இடம் இருக்கிறதா, பீரோ கதவு திறக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

பெடலைக் கழற்றிக் கொண்டுவந்தால் மாட்டும்போது ஜாக்கிரதை. வலது பெடல் எல்லாத் திருகு மாதிரியும் கடிகாரச் சுற்றில் இறுகும். இடது பெடல் தலைகீழ், எதிர்ச்சுற்றில்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். தெரியாமல் பலமாகத் திருப்பினால் மரை போய்விடும், மெஷினே வீண். சைக்கிள் கடை அண்ணன் இதைச் சொல்லிக்கொடுத்து, காசும் வாங்கவில்லை.

இனி ஓட்டுவது. முதலில் சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும், உயரமாக இருந்தால் இடுப்பு இடமும் வலமும் ஆடும். உட்கார்ந்து ஓட்டுவதால் உடம்பு எடை முட்டியில் முழுதாக இறங்காது. அதனால் முட்டி வலிக்காரர்களுக்கு நடப்பதைவிட இது சுலபமாக இருக்கும். ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு நடப்பது தரும் பலம் இதில் வராது. அதனால் நடக்க முடிகிற நாளில் நடக்கவும் வேண்டும்.

புடவை, நைட்டி, துப்பட்டா மூன்றும் கூடாது. சுற்றுகிற எதுவும் துணியை இழுக்கும்.

எவ்வளவு நேரம்? பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கோ, அதாவது 5 முதல் 17 வயது வரை, சராசரியாகத் தினம் 60 நிமிஷம்! முன்னெல்லாம் பத்து நிமிஷமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், எவ்வளவு செய்தாலும் கணக்குத்தான். அம்மா முதல் வாரம் காலையில் ஐந்து நிமிஷம், ராத்திரி ஐந்து நிமிஷம்தான் மிதிச்சாங்க. இப்போது ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இருபது நிமிஷம், சீரியல் பார்த்துக்கொண்டே. வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அம்மா பாட ஆரம்பித்தால் நான் திருகை ஒரு சுற்று ஏற்றிவிடுவேன்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது: மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. சில மருந்துகளோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். எங்க டி.வி. மேல் ஒரு டப்பாவில் அதற்காகவே குளுக்கோஸ் இருக்கிறது. (தம்பி எடுத்துத் தின்றால் எண்ணிக்கை எனக்குத் தெரியும்.) வெறுங்காலில் ஓட்டக் கூடாது, முடித்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் தெரியாது. நெஞ்சு வலி, இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை உண்டு, அது மூன்று மாதச் சராசரியைக் காட்டும். அம்மாவுக்கு 8.9 இருந்தது, இப்போது 7.8. இன்னும் இறங்க வேண்டும். சைக்கிளால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். சோற்றையும் குறைத்தாங்க, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையையும் ஒரு நாள் விடவில்லை. ஆனால் ரோட்டில் நடக்கச் சொன்ன எட்டு மாசத்தில் அம்மா நடந்தது மொத்தம் பதினோரு நாள். காலண்டரில் டிக் போட்டது நான்தான், அதனால் தெரியும். சைக்கிள் வந்த பிறகு ஒரு மாசத்தில் குறைந்தது இருபத்திரண்டு டிக். அதற்குக் காரணம் சைக்கிள் நிற்கும் இடம் என்பது என் கருத்து. முதலில் பின்கட்டில் வைத்திருந்தோம். பத்தே நாளில் அது துணி காயப்போடும் ஸ்டாண்டு ஆகிவிட்டது. டி.வி.க்கு எதிரே கொண்டுவந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தது.

கடைசியாக, பராமரிப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், நடுவில் நம்ம ஊர். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது, வியர்வையும் உப்புதான். ஓட்டி முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். செயின் வைத்த மாடலாக இருந்தால் மாசம் ஒரு தரம் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். உராய்வு மாடலில் பட்டைக்கு எந்த எண்ணெயும் படவே கூடாது, வழுக்கிவிடும், அப்புறம் எதிர்ப்பே இருக்காது. எங்களுடையது காந்தம், அந்தக் கவலை இல்லை.

வாங்க நினைக்கிறவர்கள் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஏறிப் பாருங்கள். நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரை மட்டும் வேண்டாம், அது பக்கத்து வீட்டு அத்தையின் நேரம். சுடிதாரில் வரவும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி