செல் காக்கும் ஞாபகம்

சம்பா அறுவடை முடிந்து, பூதலூர்ப் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் குவியல் குவியலாக வந்து காத்துக் கிடக்கும் தை, மாசி மாதங்களில், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டலாகாது என்ற வழக்கமான விதியின்படி, சிறிய மீட்டர் ஒன்று காட்டும் எண்ணையே தன் பருவம் முழுவதும் பட்ட பாட்டுக்குத் தீர்ப்பாக விவசாயி ஏற்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. மின்சாரத்தை அளக்கும் பரீட்சைக் கருவிகளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

எந்த மீட்டரும் பிறக்கும்போதே சரியாக அளப்பதில்லை. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றிலும் உள்ள சிறு சிறு வேற்றுமைகளை, புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் போன்ற ஸ்தாபனங்கள் வரை தொடர்பு காட்டக்கூடிய பிரமாண அளவுகளோடு ஒப்பிட்டுக் கண்டறிந்து திருத்தியாக வேண்டும். முற்காலத்தில் உள்ளேயிருக்கும் திருகுகளைத் திருப்பிச் செய்த இந்தத் திருத்தத்தை, 1980களில் பல கருவிகளில் எண்களாக்கி மெமரி சிப்பில் எழுதி வைத்தார்கள். ஹியூலெட் பக்கார்டு கம்பெனியின் 3478ஏ என்ற மல்டிமீட்டர் இதற்கு நல்ல உதாரணம். சிப்பின் ஞாபகம் மின்சாரம் நின்றவுடன் அழிந்துவிடுமாதலால், கருவி அணைந்திருக்கும் வேளையில் அதற்கு ஜீவன் கொடுக்க 3 வோல்ட் லித்தியம் செல் ஒன்றை உள்ளே வைத்தார்கள். பத்தாயத்தில் தனியே கட்டி வைத்த விதைநெல் போன்றது இந்தத் திருத்தக் கணக்கு. போய்விட்டால், பிரமாணக் கருவிகள் உள்ள கூடத்துக்கு மீட்டரை அனுப்பி, கூலி கொடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆகவே செல் மங்கியது என்றவுடன் அதைப் பிடுங்கி எறிந்து புதியதைப் பொருத்துவது பெரும் பிழை. பழையதை எடுத்த அந்தக் கணத்திலேயே கணக்கு மறைந்துவிடும். முதலில் கருவியை அணைத்து, அதன் பிளக்கையும் உருவிவிட்டு, செல்லின் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். 3 வோல்ட் காட்டுகிறதே என்று திருப்திப்பட்டுவிடவும் கூடாது. லித்தியம் செல் தன் ஆயுளின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டிக்கொண்டிருந்து, முடிவு நெருங்கும்போது சடக்கென்று இறங்கிவிடும் சுபாவமுடையது.

செல்லிலிருந்து எவ்வளவு கரண்ட் கசிகிறது என்பதே உண்மையைச் சொல்லும் அளவு. பல போர்டுகளில் செல்லோடு வரிசையாக ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது 1,000 ஓம் ஆனால், அதன் இரு முனைகளுக்கிடையே காணும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மைக்ரோ ஆம்பியர். 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சாதாரண வட்டச் செல், 2 மைக்ரோ ஆம்பியர் செலவில் கணக்குப்படி பன்னிரண்டு ஆண்டு தாங்கும். அதுவே 20 ஆகிவிட்டால் பதினைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். புதிய செல்லும் சீக்கிரம் செத்துப்போகிறது என்று அங்கலாய்ப்பவர்கள் கடைக்காரரைக் கோபிக்குமுன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். குற்றம் பெரும்பாலும் ஒழுகும் டயோடிலோ, கெட்ட கெப்பாசிட்டரிலோ, போர்டின் அழுக்கிலோதான் இருக்கும். கல்லணையிலிருந்து வரும் புது ஆறு பாயும் இந்த நெல் நாட்டில், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது, போர்டில் படிந்த தூசி நீரை உறிஞ்சிக் கரண்டுக்கு வழி விட்டுவிடுகிறது. ஐசோ புரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாக உலர்த்தினாலே சில கருவிகள் குணமாகிவிடும். பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிகளின் கதை வேறு. அவை கக்கும் காரம் போர்டின் செம்புக் கோடுகளையே அரித்துவிடுமாதலால், கசிவைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும்.

மாற்றுவதற்கு முன், கணினி வழியாகக் கணக்கைப் படித்தெடுக்க வகையுள்ள கருவியானால் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். பிறகு, இரண்டு பேனா செல்களை ஒரு டயோடு வழியாகப் பழைய செல்லுக்கு இணையாகப் பொருத்தி, ஞாபகத்துக்குத் தற்காலிகமாக உயிர் கொடுத்துக்கொண்டு, அதன்பின் சால்டரிங் அயனைச் சூடாக்கி, சுவரிலிருந்து அதன் பிளக்கையும் உருவிவிட்டுத்தான் கால்களைத் தொட வேண்டும். எர்த் சேர்ந்த அயனின் நுனி தவறான இடத்தில் பட்டால் எல்லாம் வீண். பிற்காலத்தில் செய்த டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆஸிலாஸ்கோப் போன்ற சிலவற்றில் சிப்பும் செல்லும் ஒரே கூட்டுக்குள் முத்திரையிடப்பட்டிருப்பதால், செல்லை மட்டும் மாற்ற இயலாது. அந்தச் சிப்பைச் செய்த டாலஸ் கம்பெனி அதற்குக் கொடுத்த உறுதி பத்தாண்டு. பல சிப்புகள் அதைத் தாண்டியும் உழைக்கின்றன என்பது அவற்றின் பெருந்தன்மையேயன்றி நமது உரிமையன்று.

பின்னாளில் வந்த கருவிகள் பலவற்றில் செல் இல்லாமலே நிலைத்து நிற்கும் ஃப்ளாஷ் மெமரி வந்துவிட்டது. ஆனால் கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளிலும் பழுதுபார்க்கும் கடைகளிலும் பழைய கருவிகள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய ஒன்று உங்களிடம் இருந்தால், செல் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டி வையுங்கள்.