சீனப் பூச்சாடியும் 'தாஷி' வேலைப்பாடும்

பீங்கான் என்று நாம் வழங்கும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது, பொருளோ சீனருடையது. சீனப் பீங்கானில் முஸ்லிம்களின் பங்கினை எழுதுவோர் பெரும்பாலும் ஈரானிலிருந்து சென்ற கோபால்ட் நீலத்தோடு நின்றுவிடுகின்றனர். எனாமல் தீட்டிய பூச்சாடிகளுக்குள்ள மேற்காசியத் தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கி.பி. 1388இல் சாவ் ஜாவ் என்னும் அறிஞர் பழம்பொருள்களை மதிப்பிடும் முறை பற்றி ஒரு நூல் இயற்றினார். செம்பின்மேல் பல வண்ண எனாமல் இட்ட தூபக்கலம், பூச்சாடி, சிமிழ் முதலியவற்றை அவர் 'தாஷி' கலங்கள் என்கிறார். தாஷி என்பது அரபியருக்குச் சீனர் இட்ட பெயர். இவை பெண்டிர் அறைகளுக்கே ஏற்றவை, கற்றோரின் படிப்பறைக்குத் தகா என்பது அவர் தீர்ப்பு. காலம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. அடுத்த நூற்றாண்டிலேயே மிங் பேரரசரின் முத்திரை தாங்கிய எனாமல் கலங்கள் தோன்றின.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சுட்ட மட்கலத்தின்மேல் எனாமல் தீட்டுவதைச் சீனர் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். அதற்கு நாம் உரிமை கோர முடியாது. உலோக எனாமல் கலை பீங்கானோடு நேராகக் கைகோத்தது காங்சி பேரரசரின் (ஆட்சி 1661–1722) இறுதிக் காலத்தில்தான். ஜிங்தேசென் சூளைகளில் ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்ட வெண்சாடிகள் பீஜிங் அரண்மனைக்கு வந்தன. அங்கே அவற்றின் பளபளப்பான மேற்பூச்சின்மேல் நிறமூட்டிய கண்ணாடித் தூளால் ஓவியம் தீட்டி, 700–800 பாகையில் மீண்டும் சுட்டனர். ஆகவே வண்ணம் மேற்பூச்சின்மேல் சற்றே உயர்ந்து நிற்கும். விரலால் தடவினால் புலப்படும்.

இளஞ்சிவப்பின் கதை வேறு. பொன்னைக் கரைத்துப் பெறும் அந்நிறத்தின் நுட்பம் ஐரோப்பாவிலிருந்து வந்து, 1720களில் நிலைபெற்றது. ஒளி ஊடுருவாத வெண்மையும் உடன் சேர, பியோனி மலரின் ஒவ்வோர் இதழும் அடர்சிவப்பிலிருந்து வெண்மை வரை படிப்படியாக வெளிறலாயிற்று. மிங் காலத்துச் சாடி என்று காட்டப்படுவதில் இந்நிறம் இருந்தால் ஐயுறுவதே அறிவுடைமை.

சாடிகளில் ஓடும் தாமரைக்கொடியைக் கண்டதும் அரபுக் கொடிவேலை என்று நம்மவர் சிலர் மகிழ்வதுண்டு. அக்கொடி பௌத்தத்தோடு வந்தது. சியென்லுங் காலத்தில் (1735–1796) எனாமல் தீட்டப்பெற்ற, தட்டையான முழுநிலா வடிவக் குடுவையைப் பார்ப்பதே பொருத்தம்: அவ்வடிவம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்காசிய உலோக, கண்ணாடிக் கலங்களைக் கண்டு சீனக் குயவர் வனைந்தது.