சில்லைக் கலான்: காஷ்மீரத்துக் குளிரும் அது வளர்த்த கலைகளும்

காஷ்மீர் பள்ளத்தாக்கின் மக்கள் தமது கடுங்குளிர் காலத்தை மூன்று கூறுகளாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளனர். டிசம்பர் 21 அன்று தொடங்கும் நாற்பது நாட்கள் 'சில்லைக் கலான்'. அதையடுத்து வரும் இருபது நாட்கள் 'சில்லைக் குர்த்'. இறுதிப் பத்து நாட்கள் 'சில்லைப் பச்சா'. பாரசீக மொழியில் கலான் என்பது பெரியதையும், குர்த் என்பது சிறியதையும், பச்சா என்பது குழந்தையையும் குறிக்கும். கொடுங்குளிரை ஒரு குடும்பமாக உருவகித்து, அதன் கடைக்குட்டிக்கும் பெயர் சூட்டிய இம்மக்களின் மனப்பாங்கு நம் கவனத்திற்குரியது. துன்பத்திற்குப் பெயரிட்டு நாள் குறித்துவிட்டால் அதற்கு ஒரு முடிவும் உண்டு என்னும் தெளிவு பிறக்கிறது.

'சில்லா' என்னும் சொல் நாற்பதைக் குறிக்கும் 'சிஹில்' என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ஸூஃபிகள் உலகத் தொடர்பைத் துறந்து மேற்கொள்ளும் நாற்பது நாள் தனிமை வழிபாட்டிற்கும் இதுவே பெயர். மூஸா நபி (அலை) அவர்கள் தம் இறைவனைச் சந்திக்கச் சென்றபோது முப்பது இரவுகள் குறிக்கப்பட்டு, மேலும் பத்தைக் கொண்டு அவை நாற்பதாக நிறைவு செய்யப்பட்டதைத் திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஆக, பனி மூடிய நாற்பது நாட்களுக்கும் ஆன்மீகத் தனிமையின் நாற்பது நாட்களுக்கும் ஒரே பெயர் அமைந்துள்ளது. வெளியே செல்லவியலாத காலம் உள்ளே திரும்புவதற்கான காலமாகிறது. நம் முன்னோர் குளிர்காலத்தை விரும்பி வரவேற்றமைக்கும் இத்தகைய காரணமே உண்டு. நீண்ட இரவுகள் நின்று வணங்குவதற்கும், குறுகிய பகல்கள் நோன்பு நோற்பதற்கும் வாய்ப்பளிக்கின்றன.

எனினும் இக்குளிரின் கடுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8.5 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் கண்ட மிகக் குளிர்ந்த இரவு அது. இத்தகைய நாட்களில் டால் ஏரியின் பரப்பு ஆங்காங்கே உறைந்துவிடும்; குடிநீர்க் குழாய்களில் நீர் கட்டியாகிவிடும். ஜம்முவிலிருந்து வரும் மலைச்சாலை பனிப்பொழிவாலும் நிலச்சரிவாலும் அடைபட்டால், பள்ளத்தாக்கிற்கு உணவும் எரிபொருளும் வருவது தடைப்படும். 2021இல் புதிய பனிஹால் சுரங்கப்பாதையும், 2025 ஜூனில் செனாப் பாலத்தின் வழியே இரயிலும் வந்த பின்னர் இந்நிலை ஓரளவு மாறியுள்ளது. ஆனால் பல நூற்றாண்டுகளாகக் குளிர்காலம் என்பது வெளியுலகத் தொடர்பின்றி இருப்பதைக் கொண்டு வாழும் காலமாகவே இருந்தது.

இந்நிலையில் இம்மக்கள் உயிர் தரித்திருந்தது எப்படி என்பது ஒரு வினா. மகிழ்ச்சியோடு வாழ்ந்தது எப்படி என்பது அதனினும் பெரிய வினா.

விடை கோடையிலேயே தொடங்குகிறது. கத்தரி, தக்காளி, சுரை, நூற்கோல் முதலியவற்றை அரிந்து நூலில் கோத்து, வெயிலில் உலர்த்தி வைக்கின்றனர். இதற்கு 'ஹோக் ஸ்யூன்' என்று பெயர். நம் வீட்டு வற்றல்களை ஒத்த இவை, காய்கறி கிட்டாத நாட்களில் குழம்பாகின்றன. இலையுதிர் காலத்தில் சினார் மரத்தின் உதிர்ந்த இலைகளைப் பெண்கள் கூட்டி, எரித்துக் கரியாக்கிச் சேமிக்கின்றனர். அக்கரி 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டிக்கு உரியது. மண்கலத்தைச் சுற்றிப் பிரம்பு போன்ற மெல்லிய சிம்புகளால் கூடை பின்னி, கைப்பிடி அமைத்துச் செய்யப்படும் காங்கிரியைத் தளர்ந்த நீளங்கியான 'பெரன்' உள்ளே வைத்துக்கொண்டு மக்கள் நடமாடுகின்றனர். நெருப்பை ஏந்தும் ஏனம்தானே என்று அதனை அவர்கள் விட்டுவிடவில்லை. வண்ணச் சிம்புகளால் அதற்கு அழகூட்டினர். ஷைகு நூருத்தீன் நூரானி (ரஹ்) அவர்கள் அடக்கமாகியுள்ள சரார்-இ-ஷரீஃப் ஊரின் காங்கிரிகள் இன்றளவும் பெயர் பெற்றவை.

பள்ளிவாசல்களின் 'ஹமாம்' இக்காலத்தின் மற்றொரு கொடை. கற்பலகைகள் பாவிய தரைக்கு அடியில் விறகெரித்து அறையை வெதுவெதுப்பாக்குவர். அத்தீயிலேயே உளூவிற்கான நீரும் சூடாகும். தொழுகைக்கு முன்னும் பின்னும் முதியோரும் இளையோரும் அக்கல்லின் மீது அமர்ந்து உரையாடுகின்றனர். வீட்டில் விறகு வாங்க இயலாதவனும் செல்வந்தனும் ஒரே கல்லில் முதுகு சாய்த்துக் குளிர் காய்கின்றனர். வக்ஃபின் பொருளை இதைவிட எளிமையாக விளக்க முடியுமா என்பது ஐயமே.

உணவிலும் குளிருக்கெனத் தனிச் சுவை உண்டு. ஆட்டிறைச்சியையும் அரிசியையும் சோம்பு, ஏலம், பட்டை ஆகியவற்றோடு அடுப்பினுள் பதித்த பெரும் மண்பானையில் இரவெல்லாம் வேகவைத்து, மரத்துடுப்பால் மசித்து ஆக்கப்படுவது 'ஹரீஸா'. சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு, ஸ்ரீநகரின் பழைய நகர்ப்பகுதிக் கடைகளில் சூடான எண்ணெய் ஊற்றி, ரொட்டியுடன் இதனை உண்பர். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே ஹரீஸா இடம்பெற்றுள்ளது. அரபு நாடுகளின் ஹரீஸும் ஹைதராபாத்தின் ஹலீமும் இதன் உறவினரே. வீடுகளிலோ உப்பிட்ட இளஞ்சிவப்புத் தேநீரான 'நூன் சாய்' ஸமாவரில் கொதித்துக்கொண்டே இருக்கும்.

முதற்பனி விழும் நாளில் ஒரு விளையாட்டு உண்டு. சிறிது பனியை எதிலேனும் மறைத்து, அறியாதவர் போல் நண்பரிடமோ உறவினரிடமோ கொடுத்துவிடுவர். ஐயுறாமல் அதனைப் பெற்றுக்கொண்டவர் தோற்றவராவார். அவர் விருந்தளிக்க வேண்டும். வரவிருக்கும் இன்னலின் முதல் அடையாளத்தையே சிரிப்பிற்கும் விருந்திற்கும் காரணமாக்கிய இவ்வழக்கத்தில் ஒரு வாழ்வியல் அறிவு பொதிந்துள்ளது.

இனி, கலைகளுக்கு வருவோம். வயல்கள் பனியின் கீழ் உறங்கும்போது கைகள் ஓய்வு பெறுகின்றன. அந்த ஓய்வே காஷ்மீரக் கைவினைகளின் விளைநிலமாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த மீர் ஸையித் அலீ ஹமதானீ (ரஹ்) அவர்களுடன் ஈரானியக் கைவினைகளும் வந்தன என்பது மரபு. 1420 முதல் 1470 வரை ஆண்ட சுல்தான் ஸைனுல் ஆபிதீன் அவற்றைப் போற்றி வளர்த்தார். காகிதக்கூழில் வடித்த பொருள்கள் மீது நுண்தூரிகையால் பூவும் கொடியும் தீட்டும் கலை, ஜீலம் நதிக்கரையில் ஹமதானீ அவர்களின் பெயரால் விளங்கும் கான்காஹின் உட்புறத்தை இன்றும் அணி செய்கிறது.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகள் குளிரைத் தாங்கவே மென்மயிரைப் பெறுகின்றன. அம்மயிரையே காஷ்மீரப் பெண்கள் 'யெந்தர்' என்னும் இராட்டையில் பஷ்மீனா நூலாக நூற்கின்றனர். 'கானி' என்னும் சிறு மரக்குச்சிகளில் வண்ண நூல்களைச் சுற்றி நெய்யப்படும் சால்வைக்குப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டிற்கும் மேல் பிடிக்கும். எந்த வண்ணம் எத்தனை இழைகளைக் கடக்க வேண்டும் என்பதைக் குறியீடுகளால் எழுதிய தாளை 'தஅலீம்' என்பர். கல்வி என்று நாம் அறிந்த அதே அரபுச் சொல்தான் இது. ஓர் இசைக்குறிப்பைப் படிப்பதுபோல் அதனைப் படித்துப் படித்து நெசவாளர் வரிவரியாக நெய்கின்றனர்.

நீண்ட இரவுகள் இசைக்கும் கதைக்கும் உரியவையாயின. சந்தூர், ஸாஸ்-இ-காஷ்மீர் முதலிய கருவிகளோடு, மகாம்களின் முறைப்படி, பாரசீக, காஷ்மீரி ஞானக்கவிகளை இசைக்கும் 'ஸூஃபியானா' அவைகள் விடியும்வரை நீள்வதுண்டு. காங்கிரியைச் சூழ்ந்தமர்ந்து காவியங்களை ஓதக் கேட்பதும் வழக்கம். 1855இல் மறைந்த மஹ்மூத் காமி காஷ்மீரியில் இயற்றிய யூஸுஃப்-ஸுலைகா அவற்றுள் புகழ் மிக்கது. நம் கவிஞர் சாரண பாஸ்கரனும் தமிழில் காவியமாக்கிய அதே வரலாறு, பனிமலைகளுக்கு நடுவிலும் மக்களை உறங்கவிடாமல் வைத்திருந்தது என்பது நமக்கு உவகையளிக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். அல்லற்படும் காலத்தில் அழகையும் சுவையையும் நாடுவது தகுமா? அழகணிகளையும் தூய உணவுகளையும் தடுத்தவர் யாரென்று திருக்குர்ஆனே ஏழாம் அத்தியாயத்தில் வினவுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்ச்சியும் நினைவிற்கு வருகிறது. நபி (ஸல்) அவர்களின் அவையில் உருகும் தம் உள்ளம், மனைவி மக்களிடம் திரும்பியதும் இயல்பு வாழ்வில் ஆழ்ந்துவிடுவதைக் கண்டு, தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என ஹன்ளலா (ரலி) அவர்கள் அஞ்சினார்கள். வணக்கத்திற்கு ஒரு வேளை, இதற்கு ஒரு வேளை என்னும் பொருள்பட நபியவர்கள் அவருக்கு ஆறுதலளித்தார்கள். இசை குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குடும்பத்தோடு சிரித்திருத்தலும், கையால் அழகியதொன்றைச் செய்தலும் இறைநம்பிக்கைக்குப் புறம்பானவையல்ல.

எனினும் இம்மகிழ்ச்சியின் விலையையும் நாம் மறந்துவிடலாகாது. காங்கிரியை ஆண்டுக்கணக்கில் உடலோடு அணைத்திருப்போருக்கு வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் ஏற்படுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தனர். அடைத்த அறையில் எரியும் கரி உயிரைப் பறிக்கும் நச்சுவாயுவை உமிழ்கிறது. பஷ்மீனா நூற்கும் பெண்ணின் கூலி மிகக் குறைவு. அதனாலேயே பலர் இராட்டையைக் கைவிட்டனர். இயந்திர நெசவுச் சால்வைகள் கைநெசவின் பெயரால் விற்கப்படுகின்றன. 1990களின் கலவர ஆண்டுகளில் இரவு நடமாட்டமே அரிதானபோது, விடியும்வரை நீண்ட இசையவைகளும் ஒடுங்கின. ஸ்ரீநகர் 2021இல் யுனெஸ்கோவின் கைவினைப் படைப்பு நகரங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2024இல் உலகக் கைவினை நகரம் என்னும் தகுதியும் பெற்றது. இச்சிறப்புகள் நெசவாளரின் அடுப்பை எரிக்கும் அளவிற்குப் பயன் தந்தால்தான் அவற்றிற்குப் பொருளுண்டு.

இன்று வேறொரு கவலையும் சேர்ந்துள்ளது. 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மர்க் மலைச்சரிவுகள் பனியின்றிக் காய்ந்து கிடந்தன. பனி பொழியவில்லையெனில் கோடையில் ஓடைகளில் நீர் குறையும். வயலும் தோட்டமும் வாடும். பனியை நீக்கியருளுமாறு வேண்டிய மக்கள், பனியைத் தந்தருளுமாறு பள்ளிவாசல்களில் கையேந்தினர். அஞ்சிய குளிரே அருளாகவும் இருந்தது என்பதை அதன் இன்மை உணர்த்திற்று.

திருக்குர்ஆனின் குறைஷ் அத்தியாயம் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டி, பசிக்கு உணவும் அச்சத்திற்கு அபயமும் அளித்த இறைவனை வணங்கப் பணிக்கிறது. பருவங்கள் மாறி மாறி வருவது அவன் அருளின் ஒழுங்கு. ஹரீஸாக் கடையின் ஆவியிலும், ஹமாமின் வெதுவெதுப்பான கல்லிலும், தஅலீமின் ஒரு வரியை நெய்து முடித்த கையின் நிறைவிலும் அவ்வருளைக் கண்டுகொண்டவர்கள் காஷ்மீரத்து மக்கள். பனியறியாத நமக்கும் கடப்பதற்கரிய நாற்பது நாட்கள் வாழ்வில் வந்தே தீரும். அப்போது நம் கணப்பைச் சுற்றி இன்னும் ஒருவர் அமர இடமிருக்குமாறு பார்த்துக்கொள்வோம்.