முழங்காலைக் காக்கும் ஸ்பேனர்!

"முழங்கால் வலிக்குது டாக்டர், சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: "தாராளமா ஓட்டுங்க. முதல்ல சைக்கிளுக்கு வைத்தியம் பாருங்க!"

கொட்டிவாக்கத்தில் கடல் கூப்பிடு தூரம்தான். உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடித்து இறுகும். அப்புறம் மிதிக்கிற பாரமெல்லாம் முழங்காலுக்குத்தான். வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை:

செயின்: ஓர் ஆணியிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஆணி வரை அளந்தால் 12 அங்குலம் இருக்கவேண்டும். 12⅛ ஆகிவிட்டதா? மாற்றுங்கள். விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

பிரேக் கட்டை: வரிப்பள்ளம் மறைந்தால் புதிது போடுங்கள். பழைய கட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு குறையும், ஜாக்கிரதை! ஐம்பதுக்கு மேல் விழுந்தால் எலும்பு கூட நாளாகும்.

டயர்: '26 அங்குலம்' என்று மட்டும் கேட்காதீர்கள். 26 × 1⅜ டயர், 26 × 1.75 ரிம்மில் உட்காராது. பக்கவாட்டு எண்ணை முழுசாக எழுதிப் போங்கள்.

பெடல்: இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும்.

சீட்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். தாழ்ந்த சீட் முழங்காலை வாட்டும். ஆனால் சீட் கம்பியில் எல்லைக் கோடு இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது.

எல்லாம் மாட்டியதும் தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டி, பிரேக்கைச் சோதித்த பிறகே ஈ.சி.ஆர். பக்கம் போங்கள். அதற்கும் மேல் மூட்டு வீங்கினால் ஸ்பேனரை வைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள்!