ப்ராசசரா, கிராபிக்ஸ் கார்டா: எதை முதலில் மாற்றுவது?

விளையாட்டுக் கணினியில் திரைக்கு வரும் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கை மாறித்தான் வருகிறது. எதிராளி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதில் பட்டது, கார் எப்படிச் சறுக்குகிறது என்ற கணக்கையெல்லாம் போட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்று சொல்வது ப்ராசசர். அந்த உத்தரவை வாங்கி, நிறமும் நிழலும் ஒளியும் சேர்த்து லட்சக்கணக்கான புள்ளிகளாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 வேண்டுமென்றால் 6.9 மட்டுமே. இரண்டில் எது மெதுவோ அதன் வேகம்தான் கணினியின் வேகம். ரப்பர் தோட்டத்தில் வெட்டுக்காரர்கள் எவ்வளவு விரைவாகப் பால் எடுத்து வந்தாலும், ஸ்டோரில் நிறுத்து எழுத ஒரே கிராணிதான் என்றால் வாளிகள் வரிசையில் நிற்கத்தான் செய்யும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் காத்திருப்பது எது, காக்க வைப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள், ஆட்டம் ஓடும்போதே கிராபிக்ஸ் கார்டு எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று திரை ஓரத்தில் காட்டும். அது 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் கார்டு தன்னால் முடிந்த அளவுக்கு உழைக்கிறது. வேகம் போதவில்லையென்றால் மாற்ற வேண்டியது அதைத்தான். ஃபிரேமுக்கு எந்த வரம்பும் வைக்காதபோதும் 60, 70 விழுக்காட்டிலேயே கிடந்தால் ப்ராசசர் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். ப்ராசசரின் மொத்த விழுக்காட்டைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. பல ஆட்டங்கள் ஒன்றிரண்டு கோர்களையே கசக்கிப் பிழிகின்றன. மொத்தத்தில் 35 விழுக்காடு என்று காட்டும்போதே ஒரு கோர் முழுதாக நிரம்பியிருக்கலாம்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. திரையின் தெளிவை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கி, அதே காட்சியை மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். வேகம் எகிறினால் இடைஞ்சல் கார்டில் இருந்தது. எண் அசையவே இல்லையென்றால் இடைஞ்சல் ப்ராசசரில். புள்ளிகளின் கணக்கே இதற்குக் காரணம். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். புள்ளி கூடினால் பெரும்பாலும் கார்டின் பாடுதான் கூடும், ப்ராசசரின் கணக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி ஆட்டங்களைக் குறைந்த காட்சித் தரத்தில், 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுகிறவர் ப்ராசசரைத்தான் அதிகம் சோதிக்கிறார். சைபர்பங்க் 2077 மாதிரியான ஆட்டத்தை முழு ஒளியமைப்போடு ரசிக்க விரும்புகிறவருக்குக் கார்டே உயிர். திரை 60 ஹெர்ட்ஸாக இருந்து, வேகமும் ஏற்கெனவே 60-ஐ எட்டியிருந்தால், திரையை மாற்றாமல் இரண்டில் எதை வாங்கினாலும் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

ப்ராசசர் மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு அந்நியப் பொருள் அன்று. 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஒருங்கிணைப்பு ஆலையைப் பக்கத்து மாநிலமான பினாங்கில் தொடங்கியது. ஏஎம்டியும் அதே ஆண்டு அங்கே வந்தது. 1996-இல் கெடாவிலேயே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அயல்நாட்டு ஆலைகளில் செதுக்கிய சில்லுகளைப் பொதிந்து சோதித்து அனுப்பும் வேலையை இந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் அரை நூற்றாண்டாகச் செய்கிறார்கள். பழைய இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றின் உலோக மூடியில் ‘மலாய்’ என்றும், ரைசன் சிலவற்றில் ‘மேட் இன் மலேசியா’ என்றும் பொறித்திருக்கும். ஆனால் பக்கத்து ஊரில் பொதிந்த சில்லு என்பதற்காகத் திகாம் பத்துக்காரருக்குச் சுங்கைப் பட்டாணிக் கடையில் வெள்ளி குறையப்போவதில்லை. டாலர் விலைதான் இங்கும் பேசும்.

ப்ராசசரை மாற்றுவது மலிவா, பெருஞ்செலவா என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டில் உள்ள சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017-இல் முதல் தலைமுறை ரைசனோடு வாங்கிய போர்டுகளில் பெரும்பாலானவை, பயாஸைப் புதுப்பித்தால், 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐயும், 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி-யையும் ஏற்கும். போர்டும் மெமரியும் அப்படியே இருக்க, ஒரு சில்லை மட்டும் மாற்றிக் கணினிக்குப் புது ஆயுள் கொடுக்கலாம். இன்டெலில் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு ஒரே சாக்கெட். 12-ஆம் தலைமுறை ஐ3 வைத்திருப்பவருக்கு மேலே ஏற இடமுண்டு. 10-ஆம் தலைமுறைக்காரர் 11-க்கு மேல் போக முடியாது. அதைத் தாண்ட நினைத்தால் போர்டையும், பல சமயம் மெமரியையும் சேர்த்து வாங்க வேண்டும். டிடிஆர்5 மெமரி 2025-இன் இறுதியில் கடுமையாக விலை ஏறியதால் அந்தச் செலவு சிறியதன்று. 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரகச் சில்லுகளில் மின்னழுத்தக் கோளாறு 2024-இல் உறுதியானது. அவற்றைப் பழையதாக வாங்குகிறவர் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா, உத்தரவாதம் மிச்சமிருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்குச் சாக்கெட் தொல்லை இல்லை. அதன் தொல்லை மின்சாரமும் இடமும். ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட், அதற்கு 550 வாட் பவர் சப்ளை போதும். ஆர்டிஎக்ஸ் 3080 இழுப்பது 320 வாட், அதற்கு 750 வாட் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. பேர் தெரியாத மலிவான பவர் சப்ளையில் பெரிய கார்டைச் செருகுவது கார்டை மட்டுமன்றி மற்றப் பாகங்களையும் பணயம் வைப்பது. பவர் சப்ளை, கேஸின் உள்நீளம் ஆகிய இரண்டையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். கார்டில் உள்ள 8 ஜிபி மெமரி புதிய ஆட்டங்களின் உச்சத் தரத்துக்குப் பற்றாமல் போகிறது என்பதும் உண்மை. கார்டின் மெமரி நிரம்பினால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். அதைப் பார்த்துவிட்டு ப்ராசசர்மீது பழி போடுகிறவர்கள் உண்டு.

சில கணினிகளில் இரண்டுமே குற்றவாளி அல்ல. குளிர்சாதனம் இல்லாத அறை, கெடாவின் நண்பகல் வெயில், காற்றாடியில் படிந்த தூசு எல்லாம் சேர்ந்தால் ப்ராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டுத் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசு தட்டி, தெர்மல் பேஸ்டைப் புதிதாக வைத்தாலே இழந்த வேகம் திரும்பிவிடும். ஒற்றை 8 ஜிபி மெமரியோடு விற்கப்பட்ட கணினியில் அதே மாதிரி இன்னொன்றைச் செருகினால், இரட்டை வழி திறந்து ஆட்டம் சீராகும். குறைந்த தெளிவில் வரைந்ததைப் பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வசதியின் முந்திய பதிப்புகள் பழைய கார்டுகளிலும் இலவசமாக வேலை செய்கின்றன. இவற்றையெல்லாம் முயன்று பார்க்காமல் ஆயிரம் வெள்ளியை எடுத்து நீட்டுவது வீண்.

முடிவைச் சில பேருக்குக் காலமே எடுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல் 8-ஆம் தலைமுறை, ரைசன் 2000 ஆகியவற்றிலிருந்துதான். அதற்கு முந்திய ப்ராசசர் உள்ளவர் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா அதே அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 1060 வைத்திருப்பவருக்குக் கார்டே முதல் செலவு.

பழைய கார்டு வாங்குகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்நாணயம் கார்டுகளைக் கொண்டு நாணயம் தோண்டும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக நாணயச் சுரங்க வேலை செய்து களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. விற்பவரின் கணினியிலேயே அரை மணி நேரம் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஆறு கோர் கொண்ட, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்த ப்ராசசர் இருந்து, 1080பி அல்லது 1440பி திரையில் கதை ஆட்டங்களை ஆடுகிறவர் கார்டை மாற்றட்டும். போட்டி ஆட்டமே மூச்சாக இருந்து, சாக்கெட்டும் இடம் கொடுக்கிறவர் ப்ராசசரை மாற்றட்டும். கார்டு, ப்ராசசர், போர்டு மூன்றும் ஒருசேரப் பழசாகிவிட்டவர் துண்டு துண்டாகச் செலவழிக்காமல், சேர்த்து வைத்து ஒரே முறை வாங்குவது நல்லது.