எப்போதாவது நிறையும் ஏரி

ஏரி என்றால் தண்ணீர் இருக்கும்தானே? ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஏரிக்குப் போய்ப் பாருங்கள். "அட, இது என்ன ஏரி? தண்ணியே இல்லையே, வெறும் உப்புதானே இருக்கு!" என்று சொல்வீர்கள்.

வரைபடத்தில் அடிலெய்டு நகரத்தைத் தேடுங்கள். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரத்தில், பாலைவனத்தில் இந்த ஏரி இருக்கிறது. கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 மீட்டர் கீழே! ஆஸ்திரேலியாவில் இதைவிடத் தாழ்வான நிலம் கிடையாது.

இங்கே மழை மிகக் குறைவு. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வரும்? தொலைவில் உள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து! அங்கே பெருமழை பெய்தால், டயமன்டீனா, ஜார்ஜினா, கூப்பர் ஆகிய ஆறுகள் பெருகும். வழியெல்லாம் தட்டையான நிலம். அதனால் வெள்ளம் மெல்ல மெல்லத்தான் நகரும். ஏரிக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். போகிற வழியில் மண் கொஞ்சம் குடிக்கும், வெயில் கொஞ்சம் குடிக்கும். மிச்சம்தான் ஏரிக்கு. முழுதாக நிறைவது நூறு ஆண்டுகளில் சில தடவைதான். 1974-இல் பெரிய வெள்ளம் வந்தது.

வந்த தண்ணீர் கடலுக்குப் போக வழி இல்லை. வெயிலில் ஆவியாகிவிடும். ஆனால் உப்பு ஆவியாகாது, தங்கிவிடும். ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள், புரியும்.

தண்ணீர் வந்தால் ஒரே கொண்டாட்டம்! வெள்ளத்தோடு மீன்கள் வரும். கூழைக்கடா என்கிற பெலிக்கன் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து குஞ்சு பொரிக்கும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடும். மீன்கள் செத்துப்போகும், பாவம். பறவைகள் கிளம்பிவிடும்.

காய்ந்த உப்புத் தரை சிமெண்ட் மாதிரி கெட்டி. அதில் கார் ஓட்டி உலகச் சாதனை செய்ய 1963-இல் டொனால்ட் கேம்ப்பெல் வந்தார். பார்த்து அந்த வருஷமா மழை வரவேண்டும்! தரை நனைந்துவிட்டது. மறுபடி 1964-இல் வந்து, மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்.

இந்த ஏரிக்கு இரண்டு பெயர். 1840-இல் இங்கே வந்த எட்வர்ட் ஜான் ஏர் என்பவரின் பெயரால் 'ஏர் ஏரி' என்றார்கள். (உழுகிற ஏர் இல்லை!) ஆனால் அவருக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபானா மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கட்டி தண்டா'. 2012-இல்தான் இரண்டு பெயர்களையும் சேர்த்து அரசாங்கம் எழுதத் தொடங்கியது.

அரபானா மக்களுக்கு இது புனிதமான இடம். "ஏரிக்குள்ளே காலை வைக்காதீங்க" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதனால் நீங்கள் போனால் கரையில் நின்று பாருங்கள். இல்லாவிட்டால், வில்லியம் கிரீக் என்ற குட்டி ஊரிலிருந்து சின்ன விமானத்தில் ஏறலாம். மேலேயிருந்து பார்த்தால், சில இடங்களில் தண்ணீர் ரோஜா நிறத்தில்கூடத் தெரியும்!